ஏற்காடு ஏறும்போது வண்டி கொதிக்குதா? இன்ஜின் ஹெட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே, கேமரா கொஞ்சம் ஆடும், ஒரு கையில செல்லு, இன்னொரு கையில டிப்ஸ்டிக், அதான் இன்ஜின் ஆயில் பார்க்கற கம்பி. இந்தா கிட்ட காட்டுறேன் பாருங்க. கருப்பா இருந்தா பழைய ஆயில்னு விட்டுருவேன், இது பால் டீ கலர்ல கொழகொழன்னு இருக்கு, ஆயிலுக்குள்ள தண்ணி போயிருச்சு. சித்தப்பாவோட பழைய மாருதி 800ங்க, கார்புரேட்டர் மாடல், 796 சிசி, மூணு சிலிண்டர். அடிவாரத்துல இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல, அதுல பாதி தாண்டறதுக்குள்ள டெம்பரேச்சர் முள்ளு மேல போயிருது, ரேடியேட்டர்ல தண்ணி குறையுது, ஆனா கீழ ஒரு சொட்டு ஒழுகல.

ஒரு ஒர்க்‌ஷாப்ல பானெட்டைத் தூக்கின உடனே ஹெட் கேஸ்கெட் போச்சு, கழட்டிரலாம்னுட்டாங்க. இன்ஜினுக்கு மேல மூடி மாதிரி இருக்கறது ஹெட், அதுக்கும் கீழ பிளாக்குக்கும் நடுவுல ஒழுகாம அடைக்கற தகடுதான் கேஸ்கெட். சரியாவே இருக்கட்டும், ஆனா டெஸ்ட் பண்ணாம ஹெட்டைத் தொட விடாதீங்க, அதைவிட முக்கியம் கேஸ்கெட் சும்மா போகாது, எதனால போச்சுன்னு பார்க்காம புதுசு போட்டா அடுத்த தடவை மலை ஏறுறப்ப அதுவும் போயிரும்.

ஏற்காட்டுலயே வண்டி வச்சிருக்கவங்க பயந்துராதீங்க, அங்க பனியில கிட்டக்கிட்டயே ஓட்டுற வண்டிக்கு ஆயில் மூடிக்கு அடியில வெள்ளையா க்ரீம் கட்டும், அது வெறும் ஈரம். டிப்ஸ்டிக் சுத்தமா இருந்து தண்ணியும் குறையலைன்னா கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டாம். காலையில சைலன்சர்ல வர்ற வெள்ளைப் புகையும் அப்படித்தான், இன்ஜின் நல்லா சூடானப்புறமும் நிக்காம வந்தா மட்டும் யோசிங்க.

சரி டெஸ்டுக்கு வருவோம். இன்ஜின் சில்லுன்னு இருக்கு, சில்லுன்னு இருக்கும்போது மட்டும்தான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கணும், சூட்டுல திறந்தா மூஞ்சி வெந்துரும். தண்ணி ஃபுல்லா ஊத்தி ஸ்டார்ட் பண்றேன்... பாருங்க, இன்னும் சூடே ஆகல, அதுக்குள்ள பொளக் பொளக்னு காத்துக் குமிழி வருது. காத்து புடிச்சிருந்தா கொஞ்ச நேரத்துல நின்னுரும், இது நிக்கல, சிலிண்டர்ல இருக்கற கேஸ் தண்ணிக்குள்ள வருது. அடுத்து கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் புடிக்குதுன்னு கேஜ் வச்சுப் பார்க்கறது. மூணு பிளக்கையும் கழட்டி, காயில் வயரைப் புடுங்கி, ஆக்சிலரேட்டரை ஃபுல்லா மிதிச்சு செல்ஃப் அடிச்சா ஒண்ணாவது சிலிண்டர்ல கேஜ் 11 கிட்ட வருது, ரெண்டும் மூணும் 6ஐத் தாண்டல. பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன், ஏறியிருந்தா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்குன்னு அர்த்தம், ஏறல. பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேர்ந்து கம்மின்னா நடுவுல கேஸ்கெட் எரிஞ்சிருக்கும், இப்ப ஹெட்டைக் கழட்டலாம்.

போல்ட்டை வெளிப்பக்கத்துல இருந்து உள்ள கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணணும், ஒரே மூச்சுல கழட்டினா ஹெட் வளையும், அலுமினியம்ங்க. இதோ கேஸ்கெட், ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இருக்கற அந்த மெல்லிசு இடத்தைப் பாருங்க, கரி புடிச்சு அறுந்தே போயிருக்கு. ஹெட் வளைஞ்சிருக்கான்னு பார்க்க, அது மேல நேர் ஸ்கேலை வச்சு ஃபீலர் கேஜை, அதான் இடைவெளி அளக்கற மெல்லிசு தகடை விட்டா, 0.05 மில்லிமீட்டர் தகடு தாராளமா நுழையுது, லேத்துல ஃபேசிங் பண்ணி சமமாக்கியே ஆகணும். இந்தச் செலவை மிச்சம் பண்ணிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டுறவங்க இருக்காங்க, வேண்டாங்க, அந்தத் தூளு பேரிங்குக்குள்ள போனா மொத்த இன்ஜினும் காலி. போல்ட் ஓட்டையில தண்ணி, ஆயில் நிக்காம துடைச்சிருங்க, இல்லைன்னா அளவு பார்த்து முறுக்கற டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும். கேஸ்கெட் காஞ்சபடியே போகணும், பசை கிசை எதுவும் தடவாதீங்க. டைட் வைக்கறது நடுவுல இருந்து வெளிய, மூணு தடவையா. டைமிங் பெல்ட் மார்க்கை ரெண்டு தடவை பார்த்துக்கங்க.

இப்ப ஏன் போச்சுன்னு பார்ப்போம். ரேடியேட்டர் மூடி, மேல 0.9ன்னு பிரஷர் அளவு போட்டிருக்கு, அடியில ரப்பர் வெடிச்சு காஞ்ச தோலாட்டம் ஆயிருச்சு. இந்த மூடி பிரஷரைப் புடிச்சு வச்சாத்தான் தண்ணி 110 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கும், புடிக்கலைன்னா சேலத்துல 100 கிட்டயே கொதிச்சிரும், ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அங்க 95லயே கொதிக்கும். மலை ஏறுறப்ப இன்ஜினுக்கு லோடு ஜாஸ்தி, தண்ணி கொதிக்கற சூடு கம்மி, ரெண்டும் சேர்ந்து கவுத்துருச்சு. இது பத்தாதுன்னு சித்தப்பா வருசக்கணக்கா போர் தண்ணி ஊத்தியிருக்காரு, நம்ம ஊரு வெள்ளைக்கல் பூமி, போர் தண்ணி எப்படின்னு வீட்டுக் குழாயைப் பார்த்தாலே தெரியும், ரேடியேட்டர் ட்யூபெல்லாம் வெள்ளையா அடைச்சுக் கெடக்கு. அதைத் தட்டிக் கழுவியாச்சு, மூடி புதுசு, கூலண்ட் கலந்து ஊத்தியாச்சு. தெர்மோஸ்டாட்டை, அதான் இன்ஜின் சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குத் தண்ணி விடற வால்வை, தூக்கி எறிஞ்சிட்டா கூலா ஓடும்னு சொல்வாங்க, கேக்காதீங்க, புதுசு போட்டிருக்கேன். ஆயிலையும் கொஞ்ச நேரம் ஓட்டிட்டு மறுபடி ஒரு தடவை மாத்திருங்க, மொத தடவையில தண்ணி முழுசா வராது.

மலையில முள்ளு ஏறுனா அடுத்த வளைவுல பார்த்துக்கலாம்னு இழுக்காதீங்க, எடம் கிடைச்ச உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணி பானெட்டைத் திறந்து விடுங்க, கொதிக்கிற ஹெட் மேல பச்சைத் தண்ணிய ஊத்தாதீங்க. சித்தப்பா மூணாவது தடவையா கூப்பிடுறாரு, வண்டிய விட்டுட்டு வர்றேன், உங்க வண்டி எத்தனாவது வளைவுல கொதிக்குதுன்னு கமெண்ட்ல போடுங்க.