வாசலில் உட்கார்ந்து எழுதிய ராமாயணம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'சோதனைக் காலத்தில் அறிஞருக்குத் துணை நின்றது கல்வியா, குடும்பமா?' கல்வியே என்பது எங்கள் அணி.

எதிரணிச் சகோதரி சீனப் பேராசிரியர் ஜி சியான்லினைக் காட்டி, "ஜெர்மனியில் 10 வருஷம் இருந்து சமஸ்கிருதமும் பாலி மொழியும் படித்தாரே, கடைசியில் என்ன ஆனார்? வாட்ச்மேன்தானே ஆனார்!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். என் நேரம் முழுவதும் இதற்கே போனாலும் போகட்டும், பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

ஆமாம், வாட்ச்மேன்தான் ஆனார். ஆக்கியது யார்? பீக்கிங் பல்கலைக்கழகத்தில் 1946இல் கீழை மொழித் துறையைத் தொடங்கி வளர்த்தவர் அவர். 1966இல் மாவோ தொடங்கிய கலாசாரப் புரட்சி வந்தது. படித்தவர் என்றாலே சந்தேகம். வீட்டைச் சூறையாடினார்கள். மேடையில் குனிய வைத்து அடித்தார்கள். 1968இல் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே அடைத்து வைத்தார்கள். அந்தக் கொட்டடிக்கு 'மாட்டுத் தொழுவம்' என்று பெயர். வெளியே விட்ட பிறகும் பாடம் நடத்த விடவில்லை. மாணவர் விடுதி வாசலில் உட்கார், போன் வந்தால் எடு, தபால் வந்தால் கொடு. அவ்வளவுதான் வேலை.

சரி, அந்த வாசலில் உட்கார்ந்து அவர் என்ன செய்தார்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே சகோதரி!

1973. வால்மீகி ராமாயணத்தின் மூலத்தை இந்தியாவிலிருந்து வரவழைத்தார். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து சுலோகங்களைச் சீன உரைநடையில் பெயர்ப்பார். காலையில் அந்தத் துண்டுச் சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு விடுதிக்கு வருவார். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துச் சீட்டை எடுப்பார். உரைநடையை நாலு வரிப் பாட்டாக, வரிக்கடைசி ஒத்து ஒலிக்கும்படி மாற்றுவார். போன் மணி அடிக்கும். சீட்டு பைக்குள் போகும். போனை எடுத்து, கேட்கிற பையனைக் கூப்பிட்டுக் கொடுப்பார். மறுபடி சீட்டு வெளியே வரும்.

பின்வரிசைக்கும் கேட்கட்டும், இன்னொரு தடவை சொல்கிறேன். மணி அடிக்கிறது, சீட்டு உள்ளே. மணி நிற்கிறது, சீட்டு வெளியே. ஒருநாள் இருநாள் இல்லை ஐயா, வருஷக்கணக்கில்! பால காண்டம் தொடங்கி உத்தர காண்டம் வரை ஏழு காண்டமும் சீன மொழிக்குப் போன கதையின் தொடக்கம் இதுதான். அச்சாகும் என்ற நம்பிக்கைகூட அவருக்கு இல்லை. 1980இல்தான் முதல் பகுதி வெளிவந்தது. 2008இல் நம் நாடு அவருக்குப் பத்மபூஷண் கொடுத்தது. சகோதரி, அந்த வாட்ச்மேன் எதைக் காத்தார் என்று இப்போது சொல்லுங்கள்!

அப்புறம், குடும்பம் என்றீர்கள். அவருடைய அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஷாண்டோங் மாகாணத்துக் கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஏழைத் தாய். ஆறு வயதில் பிள்ளையைப் படிப்புக்காகச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினார். 1925இல் அப்பா இறந்தபோது ஊருக்கு வந்து போன மகன், அதன்பின் எட்டு வருஷம் அம்மாவைப் பார்க்கவில்லை. 1933இல் வந்தபோது சவப்பெட்டிதான் இருந்தது. போனால் திரும்பி வரமாட்டான் என்று தெரிந்திருந்தால் அனுப்பியிருக்கவே மாட்டேன் என்று அந்த அம்மா சொன்னதைப் பிறகு பக்கத்து வீட்டார் சொல்லிக் கேட்டார். அந்தக் குற்ற உணர்வை 97 வயதில் சாகும்வரை சுமந்தார். எங்கள் அணிக்கு இது எதிராகப் போகும். போகட்டும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அயோத்தியா காண்டத்தில் காட்டுக்குக் கிளம்பும் ராமனிடம் கௌசல்யை, "கன்று போகும்போது பசு பின்னால் போகாதா? நானும் வருகிறேன்" என்று அழுகிறாள். அந்தச் சுலோகமும் ஒரு ராத்திரி அவர் கையில் சீட்டாகி, காலையில் பைக்குள் இருந்திருக்கும். அன்றும் போன் அடித்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் எடுத்திருப்பார்.

வணக்கம்.