கடற்காற்றில் ஹைட்ரஜன்: கரைக்காரனுக்கு என்ன பங்கு?

(தூத்துக்குடிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் துறைமுக அதிகாரிகளே, பேராசிரியப் பெருமக்களே, விசைப்படகு, நாட்டுப்படகுச் சங்கங்களின் தலைவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். நேரம் கடந்தும் என்னைப் பேச அழைத்த தலைவருக்கு இன்னொரு முறை நன்றி.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். மன்னார் வளைகுடாவைப் போலக் காற்றுள்ள கடல் இந்தியாவில் அரிது. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை கடல் காற்றாலைகளுக்கு 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. குஜராத்துக்கு 500 மெகாவாட், நமக்கு 500. அந்த மின்சாரத்தால் கடலிலேயே தண்ணீரைப் பிரித்து, கரிப்புகை இல்லாமல் கிடைக்கும் எரிபொருளான பசுமை ஹைட்ரஜனை எடுக்கலாம். பிரான்சின் லெ க்ருவாசிக் கரையிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி, மிதக்கும் மேடை ஒன்றில் 2023இல் எடுத்தே காட்டிவிட்டார்கள்.

இரண்டு செய்திகள் சொல்ல வந்தேன்: தண்ணீர், பங்கு.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் தூய நீர் வேண்டும். கடல்நீரை அப்படியே தண்ணீரைப் பிரிக்கும் கருவிக்குள் விட்டால் குளோரின் கிளம்பும். ஆகவே உப்பை நீக்க வேண்டும். மிஞ்சும் கடும் உப்புநீர் மறுபடி கடலுக்குத்தான் போகும். எந்த இடத்தில், எத்தனை ஆழத்தில் விடுவீர்கள் என்று கேட்க மீனவனுக்கு உரிமை உண்டு.

இனி, பங்கு. பெரியதாழைப் பக்கம் ஒரு கூட்டம். பொறியாளர் ஒருவர் வரைபடத்தை மணலில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தார். கடல் முழுக்க ஒரே நீலம். காற்றாலை வரும் இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. எண்பதை நெருங்கிய பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்தார்.

“தம்பி, இது எத்தன பாகம்?”

பாகம் என்பது மீனவர் ஆழத்தை அளக்கும் கணக்கு. பொறியாளர் மீட்டரில் சொன்னார். பெரியவர் ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தார். கடலடிப் பாறைத்திட்டைத்தான் நம்மவர் ‘பார்’ என்பார்கள்.

“இங்கன ஒரு பார் கெடக்கு. எங்க அப்பா காலத்துல இருந்து தூண்டி போடுதோம். கச்சான் அடிச்சா இந்தப் பக்கம், வாடை அடிச்சா அந்தப் பக்கம். ஒங்க படத்துல ஏன் இல்ல?”

கூட்டமே கைதட்டியது. அந்தப் பொறியாளர் நல்ல மனிதர்; பேனாவை எடுத்துப் பெரியவர் கையிலேயே கொடுத்தார். இருட்டும்வரை ஒவ்வொரு பாராகப் பெயர் சொல்லிக் குறித்தார் பெரியவர்.

காற்றுள்ளபோதே தூற்றுவோம், நானும் வருகிறேன். தூற்றிய நெல் யார் வீட்டுப் பத்தாயத்துக்குப் போகிறது? அதைத்தான் கேட்கிறேன். மீனவரோடு உட்கார்ந்து பார்களைக் குறித்த பிறகே ஒப்பந்தப்புள்ளி கோருங்கள். காற்றாலைகளுக்கு நடுவே நாட்டுப்படகுக்கு வழி விடுங்கள். கடலோர ஐடிஐகளில் பராமரிப்புப் பயிற்சி தொடங்கி, அந்த வேலையை நம் பிள்ளைகளுக்கே கொடுங்கள்.

செலவைப் பற்றி அடுத்துப் பேராசிரியர் பேசுவார். இந்தக் கோரிக்கைகளுக்கான தீர்மானத்தின் படிகள் வாசலில் இருக்கின்றன. கையெழுத்திட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.