இறக்கத்தையும் கணக்கில் எடுங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். செயல்திறனில் சிறந்தது பழைய காரா, புதிய காரா என்பது இன்றைய தலைப்பு. புதிய காருக்காகப் பேச வந்திருக்கிறேன். "அஞ்சு பேரும் மூட்டை முடிச்சுமாக அம்பாசிடர் ஊட்டிக்கு ஏறியது, இன்றைய தகர டப்பா ஏறுமா?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். தாராளமாக ஏறும் ஐயா.

அம்பாசிடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1,489 சிசி. தந்தது சுமார் 50 குதிரைத்திறன். இன்றைய ஸ்விஃப்ட் எஞ்சின் 1,197 சிசிதான்; தருவது சுமார் 80. வண்டியின் எடையும் அம்பாசிடரைவிடக் குறைவு. எஞ்சின் சிறியது என்பதால் இழுவை குறைந்துவிடவில்லை.

இன்னொன்று. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எந்த எஞ்சினும் அங்கே கொஞ்சம் சோர்ந்துதான் போகும். ஆனால் பழைய வண்டியில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது. பெட்ரோலை அதிகமாகவே ஊற்றும். எஞ்சின் திணறும், கரும்புகை வரும். புதிய வண்டியில் சென்சார் காற்றை அளந்து சொல்ல, அதற்கேற்ற அளவு பெட்ரோல்தான் உள்ளே போகிறது. ஊட்டி மலைப்பாதையில் பர்லியாறு தாண்டியதும் பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்த காலம் இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டதால் வந்த வேலை அது.

சரி, ஏறியாயிற்று. இறங்க வேண்டாமா? எதிரணியில் பேசிய மூவரும் இதைத் தொடவே இல்லை. என் வாதமே இங்கேதான் இருக்கிறது.

பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். சக்கரத்தோடு சுழலும் மூடிய டிரம்மை உள்ளிருந்து ஷூ அழுத்திப் பிடிக்கும். வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி விரியும், ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும், பிடி குறைந்துகொண்டே வரும். இன்றைய காரின் முன்சக்கரங்களில் டிஸ்க், அதாவது இருபுறமும் அழுத்திப் பிடிக்கப்படும் தட்டு. அது திறந்தவெளியில் சுழல்வதால் ஓடும்போதே காற்றுப்பட்டு ஆறுகிறது. அப்புறம் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு. மழையில் நனைந்த சாலையில் குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் பிரேக்கை முழு பலத்தோடு மிதிப்போம். பழைய வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும்; ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் வழுக்கும். ஏபிஎஸ் நொடிக்குப் பலமுறை விட்டு விட்டுப் பிடிப்பதால், மிதித்துக்கொண்டே ஒதுங்கவும் முடியும். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம்.

எந்த ஊர் மெக்கானிக்கும் அம்பாசிடரைச் சரிபார்ப்பார் என்றார்கள். உண்மை, அந்தப் பெருமை அதற்கே உரியது. ஆனால் பழுது பார்ப்பது எளிதா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. ஓடும்போது எப்படி ஓடுகிறது, நிறுத்தும்போது எப்படி நிற்கிறது என்பதுதான் கேள்வி. நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போனதற்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். திரும்பி வந்ததற்கும் சேர்த்துப் போடுங்கள். நன்றி.