வேலை தெரியாத 149 மரபணுக்கள்

வணக்கம். 'பலகை' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சேர்த்துச் சொன்னால் மரப்பலகை. பல, கை என்று பிரித்தால் நிறைய கைகள். எழுத்து அதேதான், பிரித்த இடம்தான் வேறு. ஜீனோம் அன்னொட்டேஷனைப் பற்றி யாரிடம் பேசினாலும் நான் இந்தப் பலகையில்தான் தொடங்குவேன்.

ஜீனோம் என்றால் ஓர் உயிரின் மொத்த டி.என்.ஏ. தொகுப்பு. மனித ஜீனோம் ஏறத்தாழ 310 கோடி எழுத்து நீளம். ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள். நடுவில் இடைவெளி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. அவற்றை வரிசையாகப் படித்தெடுப்பது சீக்வென்சிங். அதில் மரபணு எங்கே இருக்கிறது, அது என்ன செய்கிறது என்று குறிப்பெழுதுவது அன்னொட்டேஷன். எங்கே, என்ன. இந்த இரண்டு கேள்விகளை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதலில் 'எங்கே'. புரதம் செய்யும்போது செல் மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது. அந்த மூன்றெழுத்துக்குக் கோடான் என்று பெயர். மொத்தம் 64 கோடான்கள். அவற்றில் மூன்று, 'இங்கே நிறுத்து' என்று சொல்பவை. எந்த எழுத்தில் தொடங்கிப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்று விதமாகப் படிக்கலாம், டி.என்.ஏ.வுக்கு இரண்டு இழைகள் என்பதால் எதிர் இழையில் இன்னும் மூன்று. பலகைக்கு இரண்டு, இதற்கு ஆறு! எழுத்துகள் தாறுமாறாகக் கலந்து கிடந்தால் சராசரியாக 21 கோடானுக்கு ஒரு 'நிறுத்து' வந்துவிடும். 300 கோடான் தாண்டியும் வரவில்லையா? அங்கே மரபணு இருக்கலாம். அப்படித் தடையில்லாமல் ஓடும் பகுதிதான் ஓப்பன் ரீடிங் ஃப்ரேம். இருக்கலாம் என்றுதான் சொன்னேன், இருக்கிறது என்று சொல்லவில்லை.

சரி, 'என்ன' என்ற கேள்விக்கு வருவோம். என் மனசு கிடப்பது இங்கேதான். புதிதாக ஒரு மரபணு கிடைத்தால், ஏற்கெனவே பெயர் வைத்த மரபணுக்களோடு கணினி அதை ஒப்பிடும். சாயல் ஒத்துப்போனால் அதே பெயரை இதற்கும் வைத்துவிடும். இதைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து இன்னொன்று. முதல் பெயர் தப்பாக இருந்தால்? தப்பு அத்தனை தரவுத்தளத்துக்கும் பரவிவிடும். ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தது மிகக் கொஞ்சம். மீதியெல்லாம் சாயலை வைத்துச் சொன்னது. திரும்பவும் சொல்கிறேன், சாயலை வைத்துச் சொன்னது.

2016-இல் ஜீனோம் ஆய்வாளர் கிரெய்க் வென்டரின் நிறுவனத்தார் ஒரு பாக்டீரியாவின் ஜீனோமை முடிந்த மட்டும் குறைத்து, வெறும் 473 மரபணுக்களோடு வாழும் செல்லை உருவாக்கினார்கள். வேண்டாததையெல்லாம் கழித்துவிட்டு, வாழவும் பெருகவும் வேண்டியதை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த 473-இல் 149 மரபணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்பது அப்போது அவர்களுக்கே தெரியவில்லை. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு! அதைப் படித்த நாளிலிருந்து, 'ஹைப்பொதெட்டிகல் புரோட்டீன்', அதாவது வேலை தெரியாத அனுமானப் புரதம் என்ற குறிப்பைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது. தெரியாததைத் தெரியாது என்றே எழுதி வைத்திருக்கிறார்கள் அல்லவா?

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். எக்ஸான், இன்ட்ரான் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், நம் மரபணுக்கள் துண்டு துண்டாகக் கிடப்பவை. வெட்டி ஒட்டிய பிறகு மிஞ்சுவது எக்ஸான், வெட்டியெறிவது இன்ட்ரான். அதனால்தான் பாக்டீரியாவைவிட நம் ஜீனோமில் மரபணுவைத் தேடுவது கடினம். அப்புறம், மரபணுக்களின் வேலையைப் பொதுவான சொற்களில் குறித்துவைக்கும் ஜீன் ஆன்டாலஜி என்ற தொகுப்பில் ஒவ்வொரு குறிப்போடும் ஒரு சான்றுக் குறி இருக்கும். ஐ.டி.ஏ. என்றால் நேரடிச் சோதனை. ஐ.இ.ஏ. என்றால் கணினி தானாகப் போட்டது, மனிதர் யாரும் தனித்தனியாகச் சரிபார்க்காதது. மரபணுவின் பெயரைப் படிப்பதற்கு முன்னால் நான் தேடுவது அந்த மூன்றெழுத்தைத்தான். வணக்கம்.