வெட்டாத துணிக்குப் பெயர் போர்வை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மெத்தட் என்பது கணினி நிரலில் ஒரு வேலையைச் செய்யப் பெயரிட்டு எழுதிய வரிகளின் தொகுதி; நீண்ட மெத்தடைப் பிரித்துப் பெயரிடுவதே படிப்பவருக்கு நல்லது என்ற அணிக்காக நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "முழுத் துணியை இருபது துண்டாக நறுக்கித் துண்டுக்கொரு பெயர் வைத்தால் சட்டையாகிவிடுமா, கந்தல்தானே மிஞ்சும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். ஐயா, சட்டை தைப்பவர் முதலில் செய்வதே துணியை வெட்டுவதுதான். காலர், கை, பை என்று துண்டுக்கொரு பெயரும் உண்டு. வெட்டாத துணிக்குப் பெயர் போர்வை. உள்ளே யார் படுத்திருக்கிறார் என்று விலக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படியொரு போர்வைக்குள் நான் இரண்டு நாள் கிடந்திருக்கிறேன். 640 வரி நீள மெத்தட், பெயர் 'ப்ராசஸ்'. எதை ப்ராசஸ் செய்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு நிரல் பகுதியில் எத்தனை தனிப் பாதைகள் என்று எண்ணும் அளவை 1976இல் தந்த தாமஸ் மெக்கேப், பத்தைத் தாண்டவேண்டாம் என்றார். நான் எண்ணத் தொடங்கித் தொண்ணூறில் விட்டுவிட்டேன். சில பில்களில் மட்டும் தள்ளுபடி கூடுதலாகப் போகிறது என்பது புகார். 40ஆம் வரியில் 'டோட்டல்' பிறக்கும்போது அது விற்பனை வரி சேராத தொகை. 310ஆம் வரியில், ஓர் இஃப்புக்குள், அதாவது 'இப்படியானால்' என்ற நிபந்தனைக்குள், இருந்த இன்னோர் இஃப்புக்குள், அதிலேயே விற்பனை வரியைக் கூட்டிவிட்டார்கள். 480ஆம் வரியில் தள்ளுபடி போடும் புண்ணியவான், அது பழைய டோட்டல்தான் என்று நம்பிச் சதவீதம் கணக்கிடுகிறார்!

மூன்றாம் நாள் தேடுவதை நிறுத்தினேன். முதலில், நிரல் சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் நான்கு டெஸ்ட் எழுதினேன். டெஸ்ட் இல்லாமல் வெட்டினால் நண்பர் சொன்ன கந்தல்தான் மிஞ்சும். பிறகு, 'இங்கே வரிக் கணக்கு' என்று கமெண்ட், அதாவது படிப்பவருக்கான குறிப்பு, போட்டிருந்த பகுதியை வெட்டி, அந்தக் கமெண்டையே பெயராக்கி, 'வரியைக் கணக்கிடு' என்று தனி மெத்தடாக வைத்தேன். உள்ளே போவது எது, வெளியே வருவது எது என்று வாசலிலேயே எழுதியாக வேண்டுமல்லவா? வரியைக் கணக்கிட வந்த மெத்தட் டோட்டலையும் மாற்றித் தருகிறது என்று எழுதக் கை வரவில்லை. பிழை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

துண்டுக்குத் துண்டு தாவ வேண்டியிருக்கிறதே என்கிறார் நண்பர். பெயர் பொய் சொன்னால்தான் தாவ வேண்டும்.

மணி அடித்துவிட்டது, ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன். அந்த மெத்தட் எனக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான ஒரு பெண்ணின் கையில் இருந்தது. கேட்க வெட்கப்பட்டு, 212ஆம் வரிக்கு மேலே அவர் எழுதி வைத்திருந்தார்: 'எனக்குத்தான் புரியவில்லை, மன்னிக்கவும்.' நடுவர் அவர்களே, மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரா? மற்ற கமெண்டுகளையெல்லாம் மெத்தடின் பெயராக்கிய நான், அந்த ஒன்றை மட்டும் அழித்தேன். நன்றி, வணக்கம்.