ரோபோ என்ன பார்த்துச்சுன்னு முதல்ல பாருங்க

வணக்கம் நேயர்களே. பினாங்கு பாயான் லெப்பாஸ்ல வேலை முடிச்சிட்டு பாலத்து ஜாம்ல மாட்டிக்கிட்டு கேக்குறவங்க நிறைய பேரு இருப்பீங்க, உங்களுக்கும் சேர்த்துதான் பேசப்போறேன். 1972-ல அங்க ஃப்ரீ டிரேட் ஸோன் வந்ததுல இருந்து நம்ம பெரியம்மா, அக்காங்கல்லாம் மைக்ராஸ்கோப்ப பார்த்து கண்ணு வலிக்க வேலை செஞ்ச இடம். இப்ப அதே ஃபேக்டரிக்குள்ள சாமான் ட்ரேயத் தூக்கிக்கிட்டு தானா போற வண்டி ஓடுது, ஏஎம்ஆர்னு சொல்லுவோம். அதுக்கு சாஃப்ட்வேர் எழுதுற டீம்லதான் நான் இண்டர்ன்ஷிப் பண்ணேன். கம்பெனி பேரு வேணாம், விடுங்க.

யுனிவர்சிட்டியில நாங்க படிச்சதெல்லாம் சிமுலேஷன். கம்ப்யூட்டருக்குள்ள தரை வழுக்காது, சக்கரம் தேயாது, யாரும் குறுக்க ட்ராலிய தள்ளிட்டு வரமாட்டாங்க. வெளிய வந்தா எல்லாமே வரும்.

ஒரு கதை சொல்றேன், இத நான் எங்க போனாலும் சொல்லுவேன், ஏற்கனவே கேட்டவங்க பொறுத்துக்கணும். எங்க வண்டியில ஒண்ணு சரக்கு லிஃப்ட் பக்கத்துல வந்தா நின்னுடும். எல்லா நேரமும் இல்ல, சில நேரம். டீம்ல ஆளாளுக்கு ஒரு காரணம், பேட்டரின்னாங்க, வைஃபைன்னாங்க, கோட்ல இந்த நம்பர மாத்திப் பார்ப்போம் அந்த நம்பர மாத்திப் பார்ப்போம்னாங்க. அங்க கூட்டுற அக்கா ஒருத்தவங்க, நம்ம ஆளுதான், மாப்ப சாய்ச்சு வச்சிட்டு என்கிட்ட சொன்னாங்க, "தம்பி, லிஃப்ட் கதவு சாத்தியிருந்தாதான் அது நிக்குது, தொறந்திருந்தா போயிடுது லா." அவ்ளோ இஞ்சினியர் இருந்தோம், தெனமும் பார்த்தது அந்த அக்காதான்!

எங்க சீனியர் அண்ணன் கோட் பக்கமே போகல. முதல்ல ரெக்கார்டிங்க எடு, ரோபோ என்ன பார்த்துச்சுன்னு பாருன்னாரு. நாங்க புழங்குறது ரோஸ், 2007 வாக்குல கலிஃபோர்னியாவுல வில்லோ கராஜ்ங்கிற கம்பெனியில வளர்ந்த, ரோபோவ ஓட்டுறதுக்கான சாஃப்ட்வேர், இலவசம். அதுல ரோஸ்பேக்னு ஒண்ணு இருக்கு, ரோபோவோட சென்சார் ஒவ்வொண்ணும் எந்த நேரத்துல என்ன சொல்லுச்சோ அத்தனையும் ஃபைலா சேர்த்து வைக்கும், அப்புறம் மேசையில உக்காந்து ஓட விட்டுப் பார்த்துக்கலாம். பார்த்தா, லிஃப்ட் கதவு இருக்கவேண்டிய இடத்துல சுவத்துல ஓட்டை! அந்தப் பக்கம் ஏதோ ரூம் இருக்கிற மாதிரி புள்ளி புள்ளியா தெரியுது.

விஷயம் என்னன்னா, வண்டிக்கு கண்ணு லைடார். லேசர் அடிச்சு, அது பட்டுத் திரும்ப எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பார்த்து தூரத்த கணக்குப் போடும். அந்தக் கதவு பளபளன்னு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கண்ணாடியில டார்ச் அடிச்ச மாதிரி, நேரா பட்டது மட்டும் ஒழுங்கா திரும்பும், சாய்ஞ்சு பட்டது எங்கயோ போய் வேற எதுலயோ பட்டு வரும். ரோபோ அத கதவுக்கு அந்தப் பக்கம் இருக்குன்னு நெனச்சுக்கும். மேப்புல சுவரு, கண்ணுல ரூம், நாம எங்க இருக்கோம்னே தெரியாமப் போயி நின்னுடுது. பாவம், அது நின்னது சரிதான்னு சொல்லுவேன்.

தீர்வு? லைடார் இருக்கிற உயரத்துக்கு கதவுல ஒரு பட்டை மங்கலான ஸ்டிக்கர். கோட்ல ஒரு வரி கூட மாத்தல. அதான் திரும்பத் திரும்ப சொல்றேன், பிள்ளைங்களா, கோட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ரெக்கார்டிங்க பாருங்க. ரெக்கார்டிங் இல்லயா, முதல்ல ரெக்கார்ட் பண்ணுங்க. கூடவே அந்த இடத்துல தெனம் வேலை செய்யுறவங்ககிட்ட போயி நின்னு பேசுங்க.

ஐயோ, ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, நேரம் ஆச்சு போல. கடிகாரத்த பத்தி நிறைய சொல்லணும்னு வந்தேன், ஒரே வரியில சொல்லிடுறேன். ரோபோவுக்குள்ள ரெண்டு கம்ப்யூட்டர் இருந்து அதுங்க டைம் அரை செகண்ட் வித்தியாசப்பட்டாலே, செகண்டுக்கு ஒரு மீட்டர் போற வண்டிக்கு சுவரு அரை மீட்டர் தள்ளித் தெரியும், அதனால ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டுத்துலயும் டைம் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. இண்டர்ன்ஷிப்புக்குப் போறவங்க பழைய ரோஸ் 1 படிக்காதீங்க, அதோட கடைசி வெர்ஷன் நோயட்டிக்குக்கு 2025 மே மாசத்தோட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, நேரா ரோஸ் 2-க்குப் போங்க. சரி சரி, முடிச்சிட்டேன், வணக்கம்.