இரண்டு அப்பாக்களும் ஒரு நைட் டூட்டியும்

(நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. கேட்ட நண்பர்களுக்காக எழுதித் தருகிறேன்.)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, வேறு ஒரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருந்தும் நமக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, சீருடையைக் கழற்றினாலும் மிடுக்கைக் கழற்றாத ஓய்வு பெற்ற டி.எஸ்.பி. ஐயா அவர்களே, எனக்குப் பின்னால் பேச இருக்கும் வழக்கறிஞர் தம்பி அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்டு மைக் கட்டிய நூலக ஊழியர்களே, முன்வரிசையில் மட்டும் உட்கார மாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னித்து, டீ இடைவேளையில் வந்து திட்டுங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பை அழைப்பிதழில் பார்த்திருப்பீர்கள். ஒருவரையொருவர் மணம் முடித்த இரண்டு ஆண்கள், இருவருமே துப்பறிவாளர்கள், வெளியே கொலை வழக்கு, வீட்டில் பதின்வயதுப் பிள்ளை. இப்படிப்பட்ட கதைகள் ஆங்கிலத்தில் நிறைய வருகின்றன, நம் பிள்ளைகள் போனில் படிக்கிறார்கள், அதைப் பற்றிப் பேசுங்கள் என்றார் செயலாளர். தலைப்பைக் கேட்டதும் யாரோ தொண்டையைச் செருமியது எனக்குக் கேட்டது. செருமுங்கள், தப்பில்லை. ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் செருமுங்கள்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, இந்தக் கதைகள் எங்கிருந்து வந்தன. இரண்டு, கல்யாணமும் தத்தெடுப்பும் சட்டத்தில் எப்படி வந்தன. மூன்று, அந்தப் பதின்வயதுப் பிள்ளை கதைக்குள் என்ன செய்கிறது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் பழமொழியும் தெரியும். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்." எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. இன்றைக்கு இந்தத் தலைப்பே இதற்காகச் செய்தது போல அமைந்துவிட்டது.

முதலில் கதை. 1970இல் ஜோசப் ஹான்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் டேவ் பிராண்ட்ஸ்டெட்டர் என்று ஒரு துப்பறிவாளரைப் படைத்தார். கலிபோர்னியாக்காரர், தன்பாலின ஈர்ப்பாளர். அதை மறைக்காதவர், அதற்காக மூக்கைச் சிந்தாதவர். அந்த வரிசையில் 12 நாவல்கள் வந்தன. கவனியுங்கள், டேவ் போலீஸ்காரர் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சாவுகளை விசாரிப்பவர். ஏன் அப்படி? என் ஊகம் இது: அன்றைக்கு அவரைப் போலீஸாகப் படைத்திருந்தால் வாசகன் நம்பியிருக்க மாட்டான். அதற்கு முந்தைய வருஷம், 1969 ஜூனில்தான், நியூயார்க்கில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் என்ற மதுக்கூடத்தில் போலீஸ் ரெய்டு போய், அடிவாங்கிப் பழகிய கூட்டம் திருப்பி நின்றது. போலீஸ் என்றால் லத்தியும் வேனும்தான் என்றிருந்த காலத்தில், அந்தச் சீருடைக்குள்ளேயே ஒரு தன்பாலின ஈர்ப்பாளர் இருப்பார் என்று யார் எழுதுவது?

ஆனால் இருந்தார்கள். 1981 நவம்பரில் நியூயார்க் மாநகராட்சி மன்றத்தில் ஒரு விசாரணை நடந்தது. தன்பாலின ஈர்ப்பாளரை வேலையிலும் வீட்டு வாடகையிலும் ஒதுக்கக் கூடாது என்ற மசோதா. போலீஸ் சங்கத்தின் சார்பில் வந்தவர், எங்கள் படையில் அப்படி யாரும் இருப்பதாக எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்குகிறார். அடுத்துப் பேச எழுந்தவர் சார்லஸ் காக்ரேன். அதே நியூயார்க் போலீஸில் சார்ஜென்ட். நான் நியூயார்க் போலீஸ்காரன் என்பதில் பெருமைப்படுகிறேன், தன்பாலின ஈர்ப்பாளன் என்பதிலும் அதே அளவு பெருமைப்படுகிறேன் என்றார். அரங்கம் கைதட்டியது. முன்னால் பேசியவரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். மறுவருஷம் காக்ரேன் தன்னைப் போன்ற காவலர்களுக்காக 'கே ஆபீசர்ஸ் ஆக்‌ஷன் லீக்' என்று ஒரு சங்கத்தையே தொடங்கினார். மசோதா நிறைவேற 1986 ஆகிவிட்டது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். லாரல் ஹெஸ்டர், நியூ ஜெர்சியின் ஓஷன் கவுண்டியில், அதாவது நம் மாவட்டம் மாதிரி ஒரு பகுதியில், அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் புலனாய்வு அதிகாரி. 23 வருஷ சர்வீஸ். நுரையீரல் புற்றுநோய் வந்து நாட்கள் எண்ணப்படும் நேரத்தில், தன் பென்ஷன் தன் துணைவிக்குப் போக வேண்டும் என்று கேட்டார். அது இல்லாவிட்டால் இருவரும் சேர்ந்து வாங்கிய வீடு துணைவியின் கையை விட்டுப் போய்விடும். ஊரில் எத்தனையோ கேஸுக்கு நியாயம் தேடித் தந்தவர், தன் நியாயத்துக்காக மூச்சு வாங்கிக்கொண்டே கவுண்டி நிர்வாகத்தின் முன் வந்து நின்றார். முதலில் மறுத்தார்கள். அவரோடு ரோந்து போன சக அதிகாரி கூட நின்றார், ஊரும் திரண்டது. 2006 ஜனவரியில் முடிவை மாற்றினார்கள். பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். நாவல் படிக்கும் பிள்ளைகளே, கல்யாணச் சான்றிதழ் என்றால் மோதிரமும் கேக்கும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சீருடை போட்டவருக்கு அது குடும்ப பென்ஷன்.

இப்போதைய கதைகளில் அந்த இரண்டு துப்பறிவாளர்களுக்கும் மோதிரம் கைவந்துவிட்டது. தன்பாலினக் கல்யாணம் சட்டப்படி செல்லும் என்று ஆனது நியூயார்க் மாநிலத்தில் 2011இல், அமெரிக்கா முழுவதற்கும் 2015 ஜூனில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால். ஃபுளோரிடாவில் தன்பாலின ஈர்ப்பாளர் தத்தெடுக்கவே கூடாது என்ற தடை 1977இல் வந்து 2010 வரை இருந்தது. சரி, இந்த இரண்டாம் செய்திக்குள் இறங்கினால் வழக்கறிஞர் தம்பியின் வயலில் நான் மாடு மேய்த்தது போலாகிவிடும். அவரே சொல்வார்.

கதைக்குள் அந்த வீட்டைப் பாருங்கள். சமையலறை மேசையில் ஒரு பக்கம் ஆறிப்போன பீட்சா, இன்னொரு பக்கம் குப்புறக் கவிழ்த்த ஃபைல். பிள்ளை பார்த்துவிடக் கூடாதே என்று சடலத்தின் போட்டோவை மூடி வைத்திருக்கிறார்கள். பிள்ளை அதை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. இரவு இரண்டு மணிக்குப் போன் அடிக்கிறது. இன்றைக்கு யார் முறை? இருவர் முறையுமே. ஒரு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, காலையில் பள்ளியில் ஆசிரியரைப் பார்க்க நீ போகிறாயா நான் போகட்டுமா என்கிறார். மற்றவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, போன தடவை நான்தான் போனேன் என்கிறார். பல கதைகளில் அந்தப் பிள்ளை இவர்கள் பெற்றது கிடையாது. காப்பகம் காப்பகமாக மாறி, பதின்மூன்று பதினான்கு வயதில், யாரையும் நம்பாத கண்ணோடு வந்து சேர்ந்த பிள்ளை. ஊரான் பிள்ளை. அதை ஊட்டி வளர்க்கிறார்கள். ஆனால் பகலெல்லாம் செத்துப்போன வேறு யாரோ ஒருவரின் பிள்ளைக்கு நியாயம் தேடிக்கொண்டிருப்பதால், ஊட்ட நேரமில்லை. என் பழமொழி அங்கேதான் சிக்குகிறது.

நம் தமிழ்த் துப்பறியும் நாவல்களின் ஜோடிகளை நினைத்துப் பாருங்கள். விவேக்–ரூபலா, பரத்–சுசீலா, நரேன்–வைஜெயந்தி. சிறுவயதில் தலையணைக்கு அடியில் வைத்துப் படித்தவர்கள் இங்கே பாதிப் பேர் இருப்பீர்கள், டி.எஸ்.பி. ஐயா உட்பட. இவர்களில் யாராவது பிள்ளையின் புராகிரஸ் கார்டில் கையெழுத்துப் போட்டு நீங்கள் பார்த்ததுண்டா?

புராகிரஸ் கார்டு என்றதும் எங்கப்பா ஞாபகம் வந்துவிட்டது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்கப்பா ஏட்டு. நான் ஒன்பதாவது படிக்கும்போது கணக்கில் சறுக்கிவிட்டேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்குள் விடுவேன் என்றார் கணக்கு டீச்சர். அப்பாவோ தேர்த்திருவிழா பந்தோபஸ்தில் இருக்கிறார். முதல் நாள் காலை போனவர், வீட்டுக்கே வரவில்லை. அம்மா யார் மூலமோ சொல்லி அனுப்ப, மறுநாள் நேரே திருவிழாவிலிருந்து, சீருடையோடு, லத்தியோடு, காலெல்லாம் தேர்ச் சேற்றோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார்.

அவர் தலை தெரிந்ததும் பின்பக்கச் சுவருக்கு அந்தப்பக்கம் பீடி பிடித்துக்கொண்டிருந்த பன்னிரண்டாவது அண்ணன்கள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, மாவட்ட அளவில் ஓடியிருந்தால் கப்பு வாங்கியிருப்பார்கள். வாட்ச்மேன் சல்யூட் அடிக்கிறார். தலைமையாசிரியர் பதறிப்போய்க் காபி வரவழைத்து, கேட்காமலேயே, அந்த மோட்டார் காணாமல் போன விஷயம் எங்களுக்கு எதுவும் தெரியாதுங்க என்று ஆரம்பித்துவிட்டார். மோட்டார் காணாமல் போனதே அப்போதுதான் அப்பாவுக்குத் தெரியும்! காபியைக் குடித்துவிட்டு வகுப்புக்கு வந்து, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்தார். அவ்வளவுதான், தூங்கிவிட்டார்.

டீச்சருக்கு எழுப்பவும் பயம், எழுப்பாமல் இருக்கவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சத்தமாக, "கணக்குல முப்பத்தெட்டுங்க" என்றார். அப்பா கண்ணைத் திறக்காமலேயே, "முப்பத்தெட்டா? எந்த செக்‌ஷன்?" என்றார். டீச்சரும் பயத்தில், "நைன் பி-ங்க" என்று சொல்லிவிட்டார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நான் மேசைக்கு அடியில் போய்விட்டேன். விழித்துக்கொண்ட அப்பா பேனாவை எடுத்துப் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே தன் ஏட்டு நம்பரை எழுதி, தேதி போட்டு, நேரமும் போட்டார். காலை 11.40. ஸ்டேஷன் டைரி எழுதிப் பழகிய கை. அந்த வருஷம் முழுக்க என் பட்டப்பெயர் "செக்‌ஷன்".

சிரித்தீர்கள். நானும் இத்தனை காலமாக இதைச் சிரிப்பதற்காகத்தான் சொல்லி வருகிறேன். ஆனால் அந்த மனிதர் எத்தனை மணி நேரம் கண் விழித்திருந்தால் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கியிருப்பார்? ஊரார் பிள்ளைகள் கூட்டத்தில் தொலைந்தால் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்த கை அது. தன் பிள்ளை தானே வளரும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள் போல.

நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். 2021இல் நம் அரசு காவலர்களுக்கு வாரம் ஒருநாள் விடுப்பு என்று ஆணையிட்டது. நல்ல ஆணை, நன்றி சொல்வோம். ஆனால் திருவிழா வந்தால், தலைவர்கள் வந்தால், தேர்தல் வந்தால் அந்த ஒருநாள் எங்கே போகிறது? எந்தக் காவலரின் மனைவியிடமும் கேட்டுப் பாருங்கள். நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு மனு தயாரித்திருக்கிறோம். எந்த வாரம் யாருக்கு விடுப்பு என்ற பட்டியலை ஸ்டேஷன் வாசலில், பொதுமக்கள் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். கணவன் மனைவி இருவருமே காவலராக இருந்தால் ஒரே இரவில் இருவருக்கும் நைட் டூட்டி போடக் கூடாது. அந்த நாவலில் இரண்டு அப்பாக்களுக்கும் ஒரே நேரத்தில் போன் அடித்தது கதை. நம் ஊர் காவலர் குடியிருப்பில் அது தினப்படி. பிள்ளைக்குச் சாவியைக் கழுத்தில் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

நாவலின் அந்த இரண்டு அப்பாக்களைப் போன்றவர்கள் நம் காவல் படையில் இல்லையா என்று ஒரு பிள்ளை துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறது. எங்கள் படையில் யாரும் இல்லை என்று 1981இல் ஒருவர் சொல்லி என்ன ஆனார் என்று இப்போதுதான் சொன்னேன், அதனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். இங்கே 2018இல் உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவு குற்றமில்லை என்றது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் தன்பாலினக் கல்யாணத்தை அங்கீகரிக்க மறுத்தது. சேர்ந்து தத்தெடுக்கும் உரிமையும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கிடைக்காமல் போயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் தமிழகக் காவலர் நடத்தை விதியிலேயே சேர்த்தார்கள். வெளியே இருப்பவரைத் துன்புறுத்தாதே என்று விதி வந்துவிட்டது. சீருடைக்குள் இருப்பவரின் பென்ஷன் யாருக்கு என்பதற்கு இன்னும் வரவில்லை. அதையும் மனுவில் சேர்க்கலாமா என்று எங்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம். சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. போன கூட்டத்தில் தோற்றுப்போனேன், அடுத்த கூட்டத்திலும் எழுப்புவேன்.

மூன்றாவது செய்தி அந்தப் பதின்வயதுப் பிள்ளை. அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். தலைவரின் சீட்டு இரண்டாவது தடவையாக வந்துவிட்டது. ஒன்றே ஒன்று: நூலகத்தில் பதின்வயதினருக்கு என்று ஒரு அலமாரி இருந்தால் அவர்களே படித்துத் தெரிந்துகொள்வார்கள். மாவட்ட நூலக அலுவலர் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள்தான் சாட்சி.

மனுத்தாள் வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. காவல்துறையில் வேலை செய்பவர்கள் கையெழுத்துப் போட வேண்டாம், உங்களுக்கு மெமோ வந்துவிடும். உங்கள் வீட்டுக்காரர்களை அனுப்புங்கள். பேனா நூல் கட்டி வைத்திருக்கிறோம், தயவுசெய்து அறுத்துக்கொண்டு போகாதீர்கள். வழக்கறிஞர் தம்பியின் நேரத்தில் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டேன், அவர் அதை நன்றியுரையில் வசூல் செய்துகொள்ளட்டும். வணக்கம்.